அலசின தண்ணீர்

ஐஸ்காரர் அன்று காலை வெண்டைப் பாத்தியில் கை வைத்தபோது நான் மாடியில் என் காக்கிச் சட்டையை உலர்த்திக்கொண்டிருந்தேன். அவர் இடது கையால் முடிச்சுக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, வலது கையால் மண்ணைத் தடவியபடி குந்திக் குந்தி நகர்ந்தார். நான்காவது முடிச்சுக்கு நேர் கீழே ஒரு செடி இருக்க வேண்டும். இல்லை. பூனை அதைத் தோண்டித் தள்ளி, காரியத்தை முடித்து, பெயருக்கு நாலு பிடி மண்ணை இழுத்து மூடிவிட்டுப் போயிருந்தது. அவர் விரல்கள் நேராக அதற்குள் போயின.

விரல்களை ஒன்றோடொன்று தேய்த்துப் பார்த்தார். பிறகு மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். பழக்கதோஷம்தான். ஐஸ் ஃபேக்டரியின் அம்மோனியா அவர் கண்களோடு மூக்கையும் கொண்டுபோய் ஒன்றரை வருடம் ஆகியிருந்தது.

"ஏம்மா, இங்க வாயேன். இது என்ன, பிசுபிசுன்னு?"

அவர் மனைவி, எங்களுக்கு அக்கா, டீ டம்ளரோடு பின்வாசலுக்கு வந்தார். வேலைக்குக் கிளம்பும் அவசரம். ஐஸ்காரரின் கையைப் பார்த்தார், நிமிர்ந்து மாடியில் நின்ற என்னையும் பார்த்தார்.

"ஈர மண்ணுங்க. நேத்துத் தண்ணி கொஞ்சம் கூடிப்போச்சு."

"நாலாவது செடியைக் காணோமே?"

"கயிறு நகர்ந்திருக்கும். செடி தள்ளி இருக்கு. நீங்க எழுந்திருங்க, கையைக் கழுவி விடறேன்."

ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து, குழந்தைக்குக் கழுவுவது போல ஒவ்வொரு விரலாகக் கழுவிவிட்டார். ஐஸ்காரரும் கையை நீட்டிக்கொண்டு, "மண்ணு நல்லாப் பதமா இருக்கு" என்று திருப்தியாகச் சொன்னார். சட்டையை அப்படியே போட்டுவிட்டு உள்ளே போய்விட்டேன்.

நான் தபால்காரன். அந்த வீட்டின் மாடியில் ஐந்து வருடமாகக் குடியிருக்கிறேன். என் தொழிலில் காலுக்கு அடுத்தபடி உழைப்பது மூக்குதான். கதவு திறந்ததும் ஒவ்வொரு வீட்டு வாடையும் முகத்தில் அடிக்கும். படுத்த படுக்கையாக யாரோ இருக்கிற வீடு, மூன்று நாளாகப் பாத்திரம் கழுவாத வீடு, ஆள் இல்லாத நேரத்தில் அழுதுகொண்டிருந்த வீடு, எல்லாம் எனக்குத் தெரியும். கையெழுத்து வாங்கிக்கொண்டு வாயை மூடிக்கொண்டு வந்துவிடுவேன். அதை நாகரிகம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஐஸ்காரர் ஃபேக்டரியில் கம்ப்ரசர் ஓட்டியவர். சத்தத்தை வைத்தே மெஷினின் வயிற்றுவலியைச் சொல்லிவிடுவார் என்பார்கள். குழாய் வெடித்த அன்று எல்லோரும் வெளியே ஓட, வால்வை மூட உள்ளே ஓடியவர் அவர் ஒருவர்தான். மூடிவிட்டார். அதோடு சரி. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவர் கட்டிலில் சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்தார். ஒரு வருடத்துக்கும் மேல் அப்படியே கிடந்தார். சாப்பாட்டை முன்னால் வைத்தால், "துணியை மெல்ற மாதிரி இருக்கு" என்று தள்ளிவிடுவார். மூக்கு போனால் நாக்கும் போகும் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. பிள்ளைகுட்டி இல்லாத வீடு. அக்கா காலை ஆறு மணிக்கு இறால் உரிக்கும் ஷெட்டுக்குப் போய்விட்டால் நாலரை மணி வரை அந்த வீட்டில் ஃபேன் சத்தம் மட்டும்தான் கேட்கும்.

தோட்டம் ஆரம்பித்ததே ஒரு கூத்து. அக்கா ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கிருந்தோ விதைப் பொட்டலங்கள் வாங்கிவந்து, பின்பக்கத்துக் குப்பைமேட்டைக் கொத்த ஆரம்பித்தார். அரைமணி நேரம் போயிருக்கும். உள்ளே இருந்து ஒரு அதட்டல்.

"மண்வெட்டியை அப்படியா பிடிப்பாங்க? சத்தமே சரியில்லையே!"

"வேற எப்படிப் பிடிக்கறதாம்? வந்து சொல்லிக் குடுங்க."

"வந்தேன்னா..."

வந்துவிட்டார். சுவரைத் தடவித் தடவி, லுங்கியை இறுக்கிக்கொண்டு வந்து, அக்கா கையிலிருந்து மண்வெட்டியைப் பிடுங்கினார். அன்றைக்கு அக்கா படியேறி வந்து என் மனைவியைக் கட்டிக்கொண்டு அழுதார்.

அதற்குப் பிறகு அவரைப் பிடிக்க முடியவில்லை. நைலான் கயிற்றில் சாண் அளவுக்கு ஒரு முடிச்சுப் போட்டுப் பாத்தி நெடுகக் கட்டினார். முடிச்சுக்கு ஒரு செடி. வெண்டை, கத்தரி, தக்காளி, மிளகாய் என்று முப்பத்திரண்டு முடிச்சு. ஐந்து மணிக்கே எழுந்தார். தானே சவரம் செய்துகொண்டார். முதல் வெண்டைக்காயைப் பறித்துப் பச்சையாகவே கடித்தார். 'மடக்' என்று சத்தம் வந்தது.

"ருசி தெரியுதாண்ணே?" என்று மாடியிலிருந்து கேட்டேன்.

"ருசி கிடக்கட்டும். சத்தத்தைக் கேட்டீங்களா? எளசு, தம்பி, எளசு!"

தண்ணீர்தான் பஞ்சம். குழாய் ஒருநாள் விட்டு ஒருநாள் வரும், மேல்வீட்டுக்கும் கீழ்வீட்டுக்கும் சேர்த்துப் பத்துக் குடம். அதில் செடிக்கு எங்கே போவது? வழி கண்டுபிடித்தவர் அவர்தான். அக்கா ஷெட்டிலிருந்து வந்ததும் உடுத்திய புடவையையும் ஏப்ரனையும் தலைத்துணியையும் பெரிய தொட்டியில் முக்கி அலசுவார். அடுத்து சோப்பு.

"சோப்புத் தண்ணி செடிக்கு ஆகாது. மொத தண்ணிதான் சுத்தம். அதைப் பாத்திக்கு ஊத்து" என்றார் ஐஸ்காரர்.

சுத்தம்! ஒன்பது மணி நேரம் இறால் தலையும் ஓடும் கிள்ளிப் போட்ட துணியின் முதல் அலசல். செடிகள் அதைக் குடித்துத் தளதளவென்று வளர்ந்தன, உண்மைதான். ஆனால் சாயங்காலம் ஐந்து மணிக்கு அந்தத் தண்ணீர் மண்ணில் இறங்கியதும் எங்கள் மாடி வரை கவிச்சி ஏறும். என் மனைவி ஜன்னலைச் சத்தம் வராமல் சாத்துவாள். நமக்கே மூக்கைத் துளைத்தால் பூனைக்குக் கேட்க வேண்டுமா? சந்தைப் பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. ஒரு செம்பட்டைக் கடுவன், காதில் பாதி இல்லாதது. ஒரு சாம்பல் பூனை. ஒவ்வொரு பாத்தியையும் மேற்பார்வை பார்த்துவிட்டுத்தான் தோண்ட இடம் தேர்ந்தெடுக்கும் என்பதால் அதற்கு மேஸ்திரி என்று பெயர் வைத்தேன். வயிறு தொங்கும் ஒரு வெள்ளை. மூன்றும் ஈரமான மீன்வாசனை மண்ணை முகர்ந்து, கிளறி, ஒன்றும் கிடைக்காத கோபத்தில் அங்கேயே வேலையை முடித்துவிட்டுப் போகும்.

அக்காவும் என்னென்னவோ செய்து பார்த்தார். முள் வெட்டிவந்து பாத்தியில் பரப்பினார். பூனை முள்ளைச் சுற்றிக்கொண்டு போயிற்று, ஐஸ்காரரின் உள்ளங்கை கிழிந்தது. பழைய மீன்வலையை இழுத்துக் கட்டினார். ஐஸ்காரர் கால் மாட்டிக் குப்புற விழுந்து மோவாயில் தையல். மிளகாய்ப்பொடி தூவினார். பாத்தியைத் தடவிய கையோடு ஐஸ்காரர் கண்ணைக் கசக்கிவிட்டு, "பார்வைதான் போச்சு, எரிச்சல் போகலை பார்" என்று சிரித்தார். பாட்டிலில் தண்ணீர் நிரப்பி வைத்தால் பூனை பயப்படும் என்று ஷெட்டில் யாரோ சொன்னார்களாம். மேஸ்திரி ஒரு பாட்டிலில் சாய்ந்தபடி தூங்கியது. நான்கூட என் பங்குக்கு ஆரஞ்சுத் தோல் கொண்டுவந்து போட்டேன். உண்மையைச் சொல்லத் துப்பில்லாதவன் ஆரஞ்சுத் தோல் பொறுக்கினேன். பூனையைத் தடுக்கிற எதுவும் கண் தெரியாத மனிதரையும் சேர்த்தே தடுத்தது.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். இரண்டு வருடம் முன்னால் அக்கா ஷெட்டுக்குப் பஸ்ஸில்தான் போய்வந்துகொண்டிருந்தார். ஒருநாள் நடத்துநர் எல்லோர் காதிலும் விழும்படி, "ஏம்மா, கடைசியில போய் நில்லும்மா, ஜனங்க உக்கார வேண்டாமா?" என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து போக நாற்பது நிமிடம், வர நாற்பது நிமிடம் நடைதான். என் மனைவியிடம் வந்து, "மறைக்காம சொல்லு, என் மேல அவ்வளவு வாடையா வருது? எனக்கு ஒண்ணுமே தெரிய மாட்டேங்குதே" என்று கேட்டார். அத்தனை வருடம் அதிலேயே கிடந்த மூக்கு, அதற்கு எப்படித் தெரியும்? என் மனைவி, "யாரு சொன்னது? அதெல்லாம் ஒண்ணும் இல்லக்கா" என்றாள். அப்படிச் சொன்னபின் பாத்தித் தண்ணீரைப் பற்றி எந்த வாயால் பேசுவது?

"நீங்க சும்மா இருங்க. செடி போனா இன்னொரு செடி வைக்கலாம்" என்றாள் அவள். நானும் சும்மா இருந்தேன். எனக்கு அது வசதியாகவும் இருந்தது.

பூனை பிடுங்கிப் போட்டதை அக்கா தினமும் சாயங்காலம் அவருக்குத் தெரியாமல் திரும்ப நட்டுவைத்தார். வேர் செத்த செடியைக் குச்சியில் கட்டி நிறுத்தினார். அதற்கென்று நாற்றுகள்கூட வாங்கிவந்து தொட்டிக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தார். ஆனால் விரலால் பார்க்கிறவரை எத்தனை நாள் ஏமாற்ற முடியும்?

"நேத்து இந்த முடிச்சுல கத்தரி என் முழங்கை உயரம் இருந்துச்சு. இன்னிக்கு ரெண்டு இலைதான் இருக்கு. செடி குட்டியாயிட்டே போகுமா?" என்று ஒருநாள் கேட்டார்.

அக்கா மண் ஒட்டிய கையை முந்தானையில் துடைத்தார்.

"பூனை எல்லாத்தையும் தோண்டிப் போடுது. நீ பூசி மெழுகுற. அப்படித்தானே? நாளையிலேருந்து நானே காவல் இருக்கேன். இதுவும் போச்சுன்னா நான் எதுக்கு எழுந்திருக்கணும், சொல்லு?"

மறுநாள் பாத்தி ஓரத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டார். கையில் ஃபேக்டரியில் ஐஸ் பாளம் இழுக்கிற கம்பு. கொக்கியைக் கழற்றிவிட்டு வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தது. காதைத் தீட்டிக்கொண்டு, வெயில் முதுகில் ஏறி இறங்கும் வரை அசையாமல் இருப்பார். இரண்டு நாள் ஒன்றும் அகப்படவில்லை. மூன்றாம் நாள் இறால் வரத்து குறைவு என்று ஷெட்டை மூன்று மணிக்கே மூடிவிட்டார்கள்.

நான் அப்போதுதான் சைக்கிளை நிறுத்திவிட்டுப் பாதிப்படி ஏறியிருந்தேன். பக்கவாட்டுச் சந்து வழியாக அக்கா வருவது தெரிந்தது. செருப்பைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். காலைச் சுற்றி மூன்று பூனைகளும் வால் தூக்கி வந்தன. ஐஸ்காரர் ஸ்டூலில் தலையைத் தொங்கப் போட்டிருந்தார். தூங்குகிறார் என்று நினைத்துவிட்டார் அக்கா. அன்று காலையில் கலைந்திருந்த இரண்டு மிளகாய்ச் செடிகளை அவர் விழிப்பதற்குள் மாற்றிவிடலாம் என்று எண்ணம். என்னைப் பார்த்ததும் உதட்டில் விரலை வைத்தார். பேசாதே என்று அர்த்தம்.

நான் பேசவில்லை. இந்த ஒரு காரியத்தில் நான் கெட்டிக்காரன்.

அக்கா குனிந்து வலது கை விரல்களால் மண்ணைக் கிளறினார். பரக், பரக் என்று சத்தம். பூனை கிளறுவதும் அப்படித்தான் கேட்கும். பக்கத்தில் வெள்ளைப் பூனை 'மியாவ்' என்றது. ஐஸ்காரர் எழவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே, தரையோடு தரையாக, இரண்டு கையாலும் கம்பை வீசினார்.

எலும்பு முறிகிற சத்தம் படியில் நின்ற எனக்கே கேட்டது. அக்கா கத்தவில்லை. கையை மடியில் புதைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தார். பூனைகள் சுவரேறி ஓடின.

"பட்டுடுச்சு! விழுந்துச்சா? ஏம்மா... யாரு அது? தம்பி, நீங்களா? பூனை விழுந்துச்சா?" என்றார் ஐஸ்காரர், முகமெல்லாம் மலர்ந்து.

நடுவிரலும் மோதிரவிரலும் முறிந்து, மணிக்கட்டிலும் விரிசல். கட்டு ஆறு வாரம். ஆஸ்பத்திரி பெஞ்சில் ஐஸ்காரர், "மண்ணு கிளறுற சத்தம் கேட்டுச்சு தம்பி. சத்தத்துல நான் தப்பினதே இல்லை" என்று வந்தவர் போனவரிடமெல்லாம் சொன்னார். ஷெட்டில் அக்காவுக்குச் சின்னக்கை என்று பெயர். பொடி இறாலை உரிக்க அந்த விரல்களுக்கு ஈடு கிடையாது. அக்காவோ, "வலியே இல்லைங்க, சும்மா இருங்க" என்று அவரைத் தேற்றிக்கொண்டிருந்தார்.

அக்கா வீட்டில் இருந்த அந்த நாட்களில் அலசும் தண்ணீர் இல்லை. நான் எங்கள் பங்கிலிருந்து காலையில் இரண்டு குடம் ஊற்றினேன். செடிகள் கொஞ்சம் வாடின. ஒரு பூனையும் எட்டிப் பார்க்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து, என் மனைவி அக்காவைக் கட்டு மாற்ற அழைத்துப் போயிருந்தபோது, ஐஸ்காரர் என்னைக் கூப்பிட்டார். ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். கம்பு கையில் இல்லை.

"பூனை வந்து எத்தனை நாளாச்சு தம்பி?"

"ரெண்டு வாரம் இருக்கும்ணே. அடிக்குப் பயந்துடுச்சு போல."

"அடி விழுந்தது பூனைக்கு இல்லையே." கால் விரலால் மண்ணைத் துழாவினார். "மக்கர் பண்ற மெஷின் தானாச் சரியாயிடுச்சுன்னா நான் சந்தோஷப்பட மாட்டேன். கடைசியா எதை மாத்தினோம்னு தேடுவேன். இங்க எது மாறியிருக்கு? முள்ளு இல்லை, வலை இல்லை. அவ வேலைக்குப் போகலை. அலசின தண்ணி இல்லை. அவ்வளவுதான் மாறியிருக்கு."

நான் மண்ணைப் பார்த்தேன்.

"அந்தத் தண்ணி நாறுமா?"

"நாறும்ணே."

"எவ்வளவு?"

"மாடி வரைக்கும் வரும்."

"எப்பலேருந்து தெரியும்?"

"மொத நாள்லேருந்து."

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் என் பாரம் கொஞ்சம் குறைந்திருக்கும்.

"எனக்கு மூக்கு இல்லை. அவளுக்கு மரத்துப்போச்சு. உங்களுக்கு இருந்துச்சே தம்பி" என்றார்.

"மன்னிச்சுடுங்கண்ணே. அக்கா மனசு நோகக்கூடாதுன்னுதான்... இப்ப ஒண்ணும் கெட்டுப்போகலை. அந்தத் தண்ணியைச் சாக்கடையில ஊத்தச் சொல்லிடலாம். நான் என் பங்குல..."

"ஏன்னு கேப்பா. என்ன சொல்லுவீங்க?" அவர் தன் கையைத் தானே தடவிக்கொண்டார். "கல்யாணம் ஆன நாள்லேருந்து அவ ஷெட்டுக்குத்தான் போறா. எனக்கு அந்த வாடை ஆகாது. தள்ளிப் படுன்னு சொல்லுவேன். சுவர்ப் பக்கம் திரும்பிக்குவேன். பதினாலு வருஷம், தம்பி. அவ மூணு தடவை குளிச்சுட்டு வந்து, இப்பவும் வருதாங்கன்னு கேப்பா. வருதுன்னு சொல்லுவேன். ஆஸ்பத்திரியில எனக்கு மூக்கு போச்சுன்னு டாக்டர் சொன்ன அன்னிக்கு, அவ அழுதுட்டே என்ன சொன்னா தெரியுமா? 'கடவுளே, இனிமே நான் உங்க பக்கத்துல பயமில்லாம படுக்கலாம்'னு. சொல்லிட்டு, வாயைப் பொத்திக்கிட்டா. இப்ப நான் போய், தோட்டத்தைக் கெடுத்தது உன் வாடைதான்னு சொல்லவா? கையை ஒடிச்சதும் நான், காரணம் நீதான்னு சொல்றதும் நானா?"

"அண்ணே..."

"உங்க ரெண்டு குடம் எத்தனை நாளைக்கு வரும்? வேற தண்ணிக்கு வழி இல்லை. நீங்க வாயைத் திறக்காதீங்க. அதான் உங்களுக்கு நல்லா வருமே."

மறுநாள் விடிந்ததும் அவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு முதல் முடிச்சிலிருந்து ஆரம்பித்தார். செடியைத் தடவி, அடியில் பிடித்து, இழுத்து, பின்னால் போட்டார். அடுத்த முடிச்சு. காய்த்துக்கொண்டிருந்த வெண்டை, பூவிட்ட தக்காளி, எதுவும் மிஞ்சவில்லை. அக்கா கட்டுக்கையோடு ஓடிவந்து தோளைப் பிடித்தார்.

"ஐயோ, என்னங்க பண்றீங்க? நல்லாத்தானே இருக்கு! பூனைகூட இப்ப வர்றதில்லையே!"

"சலிச்சுப்போச்சு. கண்ணு இல்லாதவனுக்கு என்ன தோட்டம் வேண்டிக்கிடக்கு? விடு."

"நான் ஏதாவது தப்புப் பண்ணிட்டேனா? சொல்லுங்க, திருத்திக்கறேன்."

"நீ என்ன பண்ணே? ஒண்ணும் பண்ணலை. எனக்கே பிடிக்கலை."

முப்பத்திரண்டாவது முடிச்சோடு கயிற்றைச் சுருட்டிக் குப்பையில் எறிந்தார். உள்ளே போய்க் கட்டிலில் படுத்தார். சுவர்ப் பக்கமாகத் திரும்பிக்கொண்டார்.

அதன் பிறகு அவர் எழவில்லை. முகம் மறுபடி தாடிக்குள் போய்விட்டது. கட்டுப் பிரித்தும் அக்காவுக்கு இரண்டு விரல்கள் மடங்கவில்லை. "சின்னக்கை போய் இப்ப நொண்டிக்கைன்னு கூப்பிடறாங்க தம்பி" என்று சிரிக்கப் பார்த்தார். பொடி இறால் மேஜையிலிருந்து மாற்றி, தரை கழுவவும் ஓடு அள்ளவும் விட்டிருந்தார்கள். அந்த வேலையில் துணி இன்னும் நனையும்.

போன சனிக்கிழமை சாயங்காலம், ஷெட்டிலிருந்து வந்த கையோடு அக்கா மாடிக்கு வந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் கப், அதில் ஒரு தக்காளி நாற்று. என் மனைவி ஊருக்குப் போயிருந்தாள். அக்கா வாசற்படியிலேயே நின்றுகொண்டார்.

"தம்பி, நீங்க கொஞ்சம் அவர்கிட்டப் பேசுங்களேன். ஒரே ஒரு செடி மட்டும் வைக்கச் சொல்லுங்க. நான் பேசினா சுவரோட பேசற மாதிரி இருக்கு. நீங்க சொன்னா நம்புவார். நீங்க பொய் சொல்ற ஆள் இல்லைன்னு அவருக்குத் தெரியும்."

"சொல்றேன்க்கா."

கப்பை வாங்கிக்கொண்டேன். அவர் போகவில்லை. மடங்காத விரல்களால் முந்தானையை இழுத்துத் தோளைச் சுற்றிப் போர்த்திக்கொண்டார். ஒரு படி கீழே இறங்கி, என்னிடமிருந்து தள்ளி நின்றுகொண்டார்.

"இன்னொண்ணு கேக்கணும். யார்கிட்டக் கேக்கறதுன்னு தெரியலை. போன மூக்கு திரும்ப வருமா தம்பி?"

"ஏன்க்கா?"

"முன்னாடி மாதிரியே திரும்பிப் படுத்துக்கறார். நான் பக்கத்துல போனா நகர்ந்து சுவரோட ஒட்டிக்கறார். அவருக்கு மூக்கு வந்திருக்கும்னு தோணுது. நான் மனசு கஷ்டப்படுவேன்னு மறைக்கறார்." குரல் இறங்கிவிட்டது. "மறைக்காம சொல்லுங்க. என் மேல வாடை வருதா?"

நான் மூச்சை அடக்கிக்கொண்டுதான் நின்றிருந்தேன்.

"ஒண்ணுமே வரலையேக்கா" என்றேன்.

"நிஜமா?"

"நிஜமா."

அக்கா தலையை ஆட்டிக்கொண்டு இறங்கினார். கீழே கடைசிப் படியில் காத்துக்கொண்டிருந்த செம்பட்டையும் மேஸ்திரியும் எழுந்து, வாலைத் தூக்கிக்கொண்டு அவர் பின்னாலேயே வீட்டுக்குள் போயின.